பாப்பாத்தியக்காவின் பல்லுக்கு ஜன்னல் சீட்டு

பல்செட் கொண்டுபோய்க் கொடுப்பதென்று ஒரு தொழில் இருப்பது, வாயில் பல் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

பல் டாக்டர் ஊரில் உட்கார்ந்து அச்சு எடுப்பார். அந்த அச்சு சேலத்தில் இருக்கிற எங்கள் லேப்புக்கு வந்தாக வேண்டும். லேப்பில் பல் கட்டுவார்கள். கட்டிய பல் திரும்ப அந்த டாக்டரிடம் போயாக வேண்டும். அச்சோடு வருவதும் பல்லோடு போவதும் நான். மேட்டூர், ராசிபுரம், கெங்கவல்லி, ஆட்டையாம்பட்டி என்று நான் போகாத ஊர் இல்லை. உட்கார்ந்துகொண்டு போன ஊர்தான் இல்லை.

டவுன் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கி வேலைக்குப் போய் வருகிற என் இனமே, உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். காரில் போகிறவர்களுக்கு இதெல்லாம் கட்டுக்கதை மாதிரி இருக்கும். அதிலும் ஆட்டையாம்பட்டி பாப்பாத்தியக்காவின் பல்செட்டை நான் கொண்டுபோய்ச் சேர்த்த கதை! மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், வாயில் ஒரு பல்கூட இல்லாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அந்த அம்மா. நான் எங்கே இருந்தேன்? கருப்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டையாம்பட்டிக்கு நேர் எதிர்த் திசையில். அதற்கு வருகிறேன்.

என்னை ஏன் எடுத்தார்கள்

வேலை கேட்டுப் போனபோது முதலாளி பல்லைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் படிப்பைக் கேட்கவில்லை. "டவுன் பஸ்ல ஏறி எறங்கப் பழக்கம் உண்டாம்மா?" என்றார். கொண்டலாம்பட்டியில் பிறந்து வளர்ந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? உண்டு என்றேன். "நாளைக்கே வந்துருங்க" என்றார். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவன் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த, ரொம்ப சுறுசுறுப்பான பையனாம். அவனை நிறுத்திவிட்டு என்னை ஏன் எடுத்தார் என்று முதல் வாரம் முழுக்கப் பெருமையாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேட்டூருக்குப் போகச் சொன்ன அன்றைக்குப் பெருமை இறங்கிவிட்டது. புது பஸ் ஸ்டாண்டில் ஏறினால் நேரே மேட்டூரில் இறக்கிவிடுகிற வண்டிகள் இருக்கின்றன. ஆனால் அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில் மட்டும்தானே! ஆகவே நான் ஒரு டவுன் பஸ்ஸில் ஓமலூர், இன்னொன்றில் மேச்சேரி, இன்னொன்றில் மேட்டூர் என்று பல்லைத் தூக்கிக்கொண்டு தாவித் தாவிப் போக வேண்டுமாம். "சார், இப்படிப் போனா பொழுது போயிருமே" என்றேன். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "பொழுது போனா நாளைக்கு வேற பொழுது வரும்மா. டிக்கெட்டுக்குக் குடுத்த காசு வருமா?"

ஓமலூர் வரைக்கும்

கூட்டத்தில் நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது நம்ம ஊர் பண்பாடு. யாரும் கேட்கக்கூட வேண்டாம். "குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு என் பையை வாங்கியது பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா. பையில் மேட்டூர் டாக்டருக்குப் போகிற பல்செட், டப்பாவில் தண்ணீருக்குள் இருந்தது. காய்ந்துபோகாமல் இருக்க அப்படித்தான் கொண்டுபோவோம். மூடி சரியாக மூடவில்லை போலிருக்கிறது. பட்டில் ஈரம் பட்டதும் "ஏம்மா, கொழம்பு ஊத்துதே!" என்று அந்த அம்மா டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தது.

அப்புறம் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். நான் "பயப்படாதீங்க, பொய்ப் பல்லு, பொய்ப் பல்லு" என்று கத்துகிறேன். யார் காதில் விழுகிறது? பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் மட்டும் அசையவே இல்லை. கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். வாயில் பல் கிடையாது. பேரனுக்கு வாங்கியதாக இருக்கும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டப்பாவை உற்றுப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். திரும்ப டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "ஓமலூர் வரைக்கும் போட்டுக்கட்டுங்களா சாமி? எறங்கறப்பக் கழட்டிக் குடுத்தர்றேன்."

மொடக்

இப்போது பாப்பாத்தியக்கா. ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு சுற்றுகிற வீடுகளில் அக்கா வீடு பேர் போனது. எண்ணெயில் இருந்து எடுக்கிற முதல் ஈட்டில் ஒரு முறுக்கை அக்கா கடிக்கும். "மொடக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்தால் அடுத்த ஈடு போகும். "மொடுக்" என்று வந்தால் மாவு மாற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அக்கா கடிக்காமல் அந்த வீட்டில் இருந்து ஒரு முறுக்கு வெளியே போனதில்லை.

வருஷக் கணக்காகக் கடித்துக் கடித்துப் பல் எல்லாம் ஆடிப் போய், டாக்டர் மொத்தமாகப் பிடுங்கிவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. மாப்பிள்ளை எதிர்த் தெரு ராசம்மா மகன். ராசம்மாவும் முறுக்குக்காரிதான். இரண்டு வீட்டுக்கும் தொழிலில் ஏழாம் பொருத்தம். பிள்ளைகள் மாவு மில்லில் பார்த்துப் பழகிவிட்டார்கள், என்ன செய்வது? சீரில் முறுக்குத் தட்டு வைத்தாக வேண்டும். வாங்குகிற சம்பந்தி சபையில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுத்தான் மற்ற தட்டைத் தொடுவாராம். மருமகள்களில் பெரியவள் "நல்லாத்தான் இருக்குதுங்கத்தை" என்கிறாள், சின்னவள் "கடுக்குனு இருக்குதுங்கத்தை" என்கிறாள். யார் பல்லை நம்புவது?

அச்சு வாங்க நான் போன அன்றைக்கு அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. கண் கலங்கி இருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்கா சொன்னது: "பல்லு வரலீன்னாலும் கண்ணாலம் நடக்கும் சாமி. என்ற முறுக்கு மட்டும் அந்த ராசம்மா ஊட்டுப் படி ஏறாது."

கை காட்டுகிற ரங்கசாமி அண்ணன்

அந்த அச்சோடு சேலம் திரும்பக் கிளம்பினேன். டாக்டர் கிளினிக் பக்கத்தில் ஒரு ஸ்டாப்பிங். பொம்பளைகள் மட்டும் நின்றால் சில டிரைவர்களுக்குக் கண் தெரியாமல் போய்விடுகிற வியாதி உங்களுக்கும் தெரிந்ததுதான். என் கண்ணெதிரே இரண்டு பஸ் நிற்காமல் போனது. அச்சு சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கும்; கீழே விழுந்தால் தீர்ந்தது. இன்றைக்கே லேப்பில் கொடுத்தால்தான் கல்யாணத்துக்குள் பல் வரும். நான் பதறுவதைப் பார்த்து ஒரு முறுக்குக் கூடைக்காரம்மா, "ஏனுங்க, புதுசா? ரங்கசாமி அண்ணனக் கூப்பிடுங்க" என்றது.

டீக்கடை பெஞ்சில் இருந்து வெள்ளை வேட்டி சட்டையில் ஒருத்தர் எழுந்து வந்தார். முன்னாள் லாரி டிரைவர். நாங்கள் அத்தனை பேரும் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். ஆமாம், ஒளிந்துகொண்டோம். அவர் ரோட்டோரம் தனியாக நின்று, டிக்கெட் வாங்கப் போகிற கம்பீரத்தோடு கை காட்டினார். பஸ் நின்றது. நாங்கள் புற்றில் இருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி கிளம்பி ஏறினோம். அண்ணன் டீக்கடைக்குத் திரும்பிவிட்டார். கண்டக்டர் படியில் நின்று கொதிக்கிறார்: "ஏனுங்க, தெனமும் நிறுத்தறீங்களே, ஒரு நாளாச்சும் ஏறக் கூடாதுங்களா?" அண்ணன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்: "எனக்குப் போறதுக்கு ஊரு ஒண்ணும் இல்லீங்க. நீங்க போற பக்கம் இவங்களுக்குத்தான் சோலி."

பை போன பாதை

பல் தயாரானது கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில். பையில் இரண்டு டப்பா வைத்தார் முதலாளி. ஒன்று அக்காவுடையது. இன்னொன்றும் அதே ஆட்டையாம்பட்டி டாக்டருக்குத்தான், வேறு ஒருத்தருக்கு. வாங்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். முகூர்த்த நாள் கூட்டம். ஆட்டையாம்பட்டி வண்டி ஒன்று உள்ளே நுழைந்தது, கூடவே ஒட்டினாற்போல் இன்னொரு வண்டி. ஜன்னல் வழியாகப் பொருளைப் போட்டு இடம் பிடிக்கிற கலையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. துண்டு போடுவார்கள், தண்ணீர் பாட்டில் போடுவார்கள். ஒருத்தர் ஒற்றைச் செருப்பைப் போட்டு இடம் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். போட்டது போட்டதுதான். அந்த சீட்டை எவரும் தொட மாட்டார்கள்.

நானும் பையைப் போட்டேன். கூட்டம் தூக்கிக்கொண்டு போய் என்னைப் படியில் ஏற்றியது. ஜன்னலோரம் போய்ப் பார்த்தால் என் பை இல்லை. அங்கே யாரோ ஒருத்தர் கர்ச்சீப் கிடக்கிறது. தலையைத் திருப்பினேன். பக்கத்து வண்டி மெல்ல நகர்கிறது. அதன் ஜன்னல் சீட்டில் என் பை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று, ஒன்றில் பையைப் போட்டுவிட்டு இன்னொன்றில் நான் ஏறியிருக்கிறேன்! அது ஓமலூர் வண்டி.

இறங்கி ஓடினேன், பிடிக்க முடியவில்லை. டைம்கீப்பர் அறையில் போய் அழாத குறையாகச் சொன்னேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த டைம்கீப்பர், "போன வண்டி திரும்ப இங்கதாம்மா வரும், உக்காருங்க" என்றார். பல் போன பதற்றத்தில் இருக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? அடுத்த ஓமலூர் வண்டியில் தாவி ஏறினேன். அதுதான் முன்னால் சொன்னேனே, கருப்பூர். அது தாண்டியதும் எதிரே ஒரு டவுன் பஸ் வந்தது. நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து கிடக்கிறார்கள். ஜன்னல் சீட்டில் என் பை. பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. காற்று வாங்கிக்கொண்டு சேலம் போகிறது.

அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கி, திரும்ப வண்டி பிடித்து, வேர்த்து விறுவிறுத்து பஸ் ஸ்டாண்டு வந்து சேர்ந்தேன். டைம்கீப்பர் மேஜை மேல் பை இருந்தது. டப்பா இரண்டும் அப்படியே. அந்த வண்டி கண்டக்டர் அங்கேயே நின்றார். "பொம்பளைங்க பையாச்சே, ஆள் பின்னாடி எங்கியோ நிக்கறாங்கன்னு நெனச்சுப் போறப்ப ஒண்ணு, வாறப்ப ஒண்ணு இலவச டிக்கெட் கிழிச்சு வச்சுட்டேன்" என்று இரண்டு டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். டைம்கீப்பர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "பை சும்மா போய்ட்டு வந்துருச்சு. நீங்க எதுக்கும்மா போனீங்க?"

பின்வாசல்

கிளினிக்கில் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாப்பாத்தியக்கா காலையில் இருந்து பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லையாம். என்னைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. பை மட்டும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து ஓமலூர் போய் வந்த கதையை மூச்சு வாங்கச் சொன்னேன். டாக்டர் மாட்டி, எடுத்து, ராவி, திரும்ப மாட்டினார். "ஒரு வாரத்துக்குக் கஞ்சி, இட்லி மட்டும் சாப்பிடுங்கம்மா" என்றார். அக்கா புதுப் பல்லோடு அவரை முறைத்தது: "கஞ்சி குடிக்கறதுக்கு எதுக்குங்க டாக்டரு பல்லு?"

அக்கா, "நீயும் வா சாமி, வந்து சத்தத்தக் கேளு" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடியது. நான் இரண்டாவது டப்பாவை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தேன். டாக்டர் உள்பக்கம் பார்த்துக் கனைத்தார். பின்வாசல் வழியாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு அம்மா வந்தது. ராசம்மா! அதே சம்பந்தி ராசம்மா! அங்கேயும் பல் மொத்தமும் காலி. ஊர் உலகத்துக்குத் தெரியாமல், காதும் காதும் வைத்த மாதிரி நடந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. என் தாடையைத் தொட்டுக் கெஞ்சியது: "பாப்பாத்தி காதுக்குப் போச்சுன்னா சாகற முட்டும் சொல்லிக் காட்டுவா கண்ணு. உன்ற புள்ளை குட்டி நல்லாருக்கும், சொல்லிப் போடாத."

பல்லா, முறுக்கா

அக்கா வீட்டில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மருமகள்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் ஈட்டில் இருந்து ஒன்றை எடுத்து ஆறவைத்து அக்கா கடித்தது. மொடக்! சின்னவள் கைதட்டியே விட்டாள். அக்கா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு கடி கடித்தது. மொடக். பிறகு முறுக்கை வைத்துவிட்டு ஒரு வாய் இட்லி எடுத்துக் கடித்தது. அதற்கும் மொடக்!

அக்கா அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டது. "சத்தம் போடறது முறுக்கா, பல்லா? எனக்குத் தெரியலையே சாமி" என்று முந்தானையில் மூக்கைச் சிந்தியது. அந்தப் பக்கம் கடிக்கப் போகிறதும் எங்கள் லேப் பல்தான், அதுவும் இதே சத்தம்தான் போடும் என்று சொன்னால் இந்த அம்மாவின் அழுகை அந்த நிமிஷமே நின்றுவிடும். சொல்லவும் முடியாது. மெல்லவும் முடியாது, முழுங்கவும் முடியாது என்பார்களே, பல் இருந்தும் எனக்கு அந்த நிலைமை. "அக்கா, கண்ணை மூடிட்டு அனுப்புங்க, ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொன்னேன். "எந்தத் தெம்புல சொல்ற?" என்றது. பெரிய மருமகள்தான் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, நீங்க சுத்துன கையி மாறலீங்களே. பல்லுதான மாறுச்சு?"

சபையில்

மறுநாள் மண்டபத்துக்கு நானும் போனேன். முதலாளியிடம் ராசிபுரம் போவதாகச் சொல்லியிருந்தேன். சீர்த்தட்டுகள் வந்தன. முறுக்குத் தட்டைப் பாப்பாத்தியக்கா தானே தூக்கி வந்து ராசம்மா முன்னால் வைத்தது. முறுக்குச் சுற்றுகிற ஊர்ச் சனம் மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். ராசம்மா ஒரு முறுக்கை எடுத்தது, கடித்தது.

மொடக்.

ராசம்மாவும் தலையைச் சாய்த்தது. முதல் நாள் அக்கா சாய்த்த அதே சாய்ப்பு. இன்னொரு கடி. மொடக். என்ன ஏது என்று புரியாமல் கண் இரண்டும் சுற்றி வந்து என் மேல் நின்றது. நான் மண்டபத்து விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராசம்மா மூச்சை இழுத்துவிட்டுச் சபைக்குக் கேட்கிற மாதிரி சொன்னது: "சத்தம்னா இதுதானுங்க சத்தம்! எங்கூட்டு முறுக்குலகூட இப்படி வந்ததில்லீங்க சம்பந்தி!" சொன்ன சந்தோஷத்தில் வாயைப் பொத்த மறந்து சிரித்தும் விட்டது.

பாப்பாத்தியக்காவும் சிரித்தது. எதிரும் புதிருமாக நின்று இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் லேப்பில் எல்லா வாய்க்கும் ஒரே வரிசைதான். ஒரே வெள்ளை, ஒரே அளவு, முன்னால் அதே இரண்டு பெரிய பல். அக்காவின் சிரிப்பு மெல்ல நின்றது. ராசம்மா வாயை உற்றுப் பார்த்தது. சின்ன மருமகள் கையில் இருந்த குங்குமச் சிமிழின் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தது. இத்தனை வருஷத்துப் பகைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஒரு வார்த்தை சபையில் போட்டால் போதும். அக்கா இன்னொரு முறுக்கை எடுத்து ராசம்மா கையில் கொடுத்து, "நல்லாக் கடிங்க சம்பந்தி" என்றது. அப்புறம் தாம்பூலம் கொடுக்கிற சாக்கில் என் பக்கம் வந்து, காதோடு கேட்டது: "ஏஞ்சாமி, அந்தப் பல்லும் எம்பல்லுகூடத்தான் சீட்டுல ஒக்காந்து வந்துச்சா?"

பல்லில்லாதவர் வாய்களுக்கெல்லாம் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்த நான், வாய் நிறையப் பல்லை வைத்துக்கொண்டு, இதோ இன்றைக்கும் கெங்கவல்லி வரைக்கும் நின்றுகொண்டேதான் போய்க்கொண்டிருக்கிறேன்.